பேச வாய் கிடைத்துவிட்டது. கேட்க விடுவது யார்?

கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் 2020 அக்டோபரில் தமிழகம் முழுவதும் செல்போன்களில் சுற்றியது. ஊராட்சிக் கூட்டம் நடக்கிறது. துணைத் தலைவரும் மற்றவர்களும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த அந்தத் தலைவர் ஒரு தலித் பெண். கூட்டம் நடந்து மாதங்கள் ஆகியிருந்தன. படம் வெளியே வந்த பிறகே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது; ஊராட்சிச் செயலாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் ஊராட்சித் தலைவர் சுதந்திர தினத்தன்று தேசியக் கொடி ஏற்றவிடாமல் தடுக்கப்பட்டார். செய்தி பரவியது. சில நாட்களில் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவரே கொடி ஏற்றினார்.

இந்த இரண்டு சம்பவங்களையும் நாம் மறக்கக் கூடாது. மனு கொடுத்து, அலைந்து, காத்திருந்து கிடைக்காத நடவடிக்கை, செல்போனில் சுற்றிய செய்தியால் சில நாட்களில் கிடைத்தது. "இனி நம்மை யாராலும் மறைக்க முடியாது" என்று நம் பிள்ளைகள் நம்புவதற்கு இது போன்ற சம்பவங்களே காரணம். அந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது. நம் பதிவை யார் பார்க்க வேண்டும், எது நீக்கப்பட வேண்டும், நம்மைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் இன்று இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. அந்த இயந்திரம் நம்முடையது அல்ல.

சொந்தப் பத்திரிகை எதற்கு வந்தது?

நம் முன்னோர் இந்தச் சிக்கலை நூறு ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தவர்கள். மற்றவர்கள் நடத்தும் பத்திரிகையில் நம் குறை அச்சாகாது என்று தெரிந்ததும் அவர்களே பத்திரிகை தொடங்கினார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' என்ற பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தலைப்பில் வைத்து, அதன் கீழ் உரிமை கேட்டார். 1907 ஜூனில் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைக் கொண்டுவந்தார். ஓராண்டில் அது 'தமிழன்' ஆனது.

அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31-ல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்பது அதன் பொருள். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் இதற்கு 2,500 ரூபாய் உதவினார். அந்த இதழின் வருகையைப் பற்றி ஒரு விளம்பரம் போடும்படி, திலகர் தொடங்கிய 'கேசரி' பத்திரிகையிடம் கேட்டார்கள். காசு கொடுக்கிறோம் என்று சொல்லியும் கேசரி அந்த விளம்பரத்தைப் போடவில்லை. அதன் பிறகு 'பகிஷ்கிருத பாரத்', 'ஜனதா', 'பிரபுத்த பாரத்' என்று அம்பேத்கர் அடுத்தடுத்துப் பத்திரிகைகள் நடத்தினார்.

விடுதலைக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1996-ல் பி.என்.உனியால் என்ற மூத்த பத்திரிகையாளர் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடி அலைந்து, ஒருவரும் கிடைக்கவில்லை என்று ஆங்கில நாளிதழில் எழுதினார். 2019-ல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டன. அவர்கள் பார்த்த 121 செய்தித் தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட அந்தப் பொறுப்புகளில் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பட்டியல் சாதி மக்கள் 20 கோடிக்கும் மேல்; தமிழகத்தில் ஐந்தில் ஒருவர்.

செல்போன் திறந்த கதவு

இந்த நிலையில்தான் மலிவான செல்போனும் இணையமும் வந்தன. அச்சு இயந்திரம் வேண்டாம். தாள் வாங்கக் காசு வேண்டாம். ஆசிரியரின் தயவும் வேண்டாம். 'ரவுண்ட் டேபிள் இந்தியா' என்ற இணைய இதழும் 'தலித் கேமரா' என்ற யூடியூப் அலைவரிசையும் மற்றவர்கள் விட்டுவிட்ட செய்திகளை எடுத்துப் போட்டன. பெரிய தொலைக்காட்சிகள் வராத கிராமத்துக்குக் கேமரா போனது. பாதிக்கப்பட்டவர் வெட்டு இல்லாமல் முழுதாகப் பேசினார்.

2016 ஜனவரி 17-ல் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் எழுதி வைத்த கடிதம் செல்போன் வழியே கல்லூரி கல்லூரியாகப் போனது. நாடு முழுவதும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

2018 மார்ச் 20-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிடியைத் தளர்த்தி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. அதை எதிர்த்து ஏப்ரல் 2-ம் தேதி பாரத் பந்த் நடந்தது. அந்த அழைப்பு பெரும்பாலும் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் வழியாகவே ஊர் ஊராகச் சென்றது. வட மாநிலங்களில் பலர் உயிரிழந்தார்கள். பல இடங்களில் இணையத்தையே அரசு நிறுத்தி வைத்தது. ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பழைய பிடியை மீட்டுக் கொடுத்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. சாதாரண மக்கள் கையில் இருந்த செல்போன் ஒரு சட்டத்தைக் காப்பாற்ற உதவியது என்று சொன்னால் அது மிகை அல்ல.

வாசலில் நிற்கும் இயந்திரம்

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். நாம் ஒரு வீடியோ போடுகிறோம். அது நம்மைப் பின்தொடரும் எல்லோருக்கும் போய்ச் சேர்வதில்லை. யாருக்குக் காட்டுவது என்று ஒரு கணினி நிரல் முடிவு செய்கிறது. எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் பதில் எழுதினார்கள், எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்பினார்கள் என்று அது கணக்குப் பார்க்கிறது. மக்கள் அதிக நேரம் உட்கார்ந்து பார்த்தால் அதிக விளம்பரம் காட்டலாம், நிறுவனத்துக்கு வருமானம். நிரலுக்கு நியாயம், அநியாயம் தெரியாது.

இதன் விளைவை நம் மாவட்டத்துப் பிள்ளைகளின் செல்போனிலேயே பார்க்கலாம். சுடுகாட்டுக்குப் பாதை இல்லை என்று வயதான ஒருவர் பத்து நிமிடம் பேசும் வீடியோவை நூறு பேர் பார்ப்பார்கள். சாதிப் பெருமைப் பாட்டு ஒலிக்க, அரிவாளோடு பைக்கில் வரும் 20 விநாடி ரீல்ஸை ஆயிரக்கணக்கில் பார்ப்பார்கள். சண்டைக்கு இழுக்கும் பதிவுக்குப் பதில் மேல் பதில் வரும். நிரல் அதை மேலும் மேலும் பரப்பும். நம் மீது விழும் அடி பரவுகிறது. நாம் கேட்கும் பட்டாவும் குடிநீரும் பரவுவதில்லை. அடிபட்ட உடலாக மட்டுமே நம்மை உலகம் பார்க்கும்படி ஆகிறது.

அடுத்தது, நீக்கும் அதிகாரம். ஒரு பதிவு தவறானது என்று யார் வேண்டுமானாலும் புகார் செய்யலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஐம்பது, நூறு பேர் கூட்டுச் சேர்ந்து ஒரே பதிவின் மீது புகார் கொடுத்தால், மனிதர் யாரும் படித்துப் பார்க்காமலே அந்தக் கணக்கு முடங்கிவிடும் நிலை இருக்கிறது. ஆள்பலம் உள்ளவர்களுக்கு இது வசதி. அதே நேரம் நம்மை இழிவு செய்யும் பதிவுகள் மீது நாம் கொடுக்கும் புகார் என்ன ஆகிறது? 'ஈக்வாலிட்டி லேப்ஸ்' என்ற அமைப்பு ஃபேஸ்புக்கின் இந்தியப் பதிவுகளைக் குறித்து 2019-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆறு மொழிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெறுப்புப் பதிவுகளைப் புகார் செய்து பார்த்தார்கள். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை கடைசியில் அங்கேயே இருந்தன.

சாதி வசவு எப்படி இருக்கும் என்று இயந்திரத்துக்குத் தெரியாதது இதற்கு ஒரு காரணம். 'காலனி' என்பது ஆங்கிலத்தில் சாதாரணச் சொல். நம் ஊரில் "நீ காலனியா?" என்று கேட்டால் அதன் பொருள் என்னவென்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசையாகவும் மாறிவிட்டது என்று சொல்லி, அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்கப் போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். சட்டப்பேரவைக்குத் தெரிந்த வலி, கலிபோர்னியாவில் எழுதப்பட்ட நிரலுக்குத் தெரியாது. "கோட்டா", "ஓசி" என்று ஜாடையாகத் திட்டினாலும் தெரியாது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் திட்டினால் இன்னும் தெரியாது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. வசைச்சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வடிகட்டும் இயந்திரம், ஒரு சாதிப் பெயரைத் திட்டுவதற்குச் சொல்கிறார்களா, உரிமை கேட்கச் சொல்கிறார்களா என்று பிரித்தறியாமல் போகலாம். இரட்டைமலை சீனிவாசன் இன்று தம் இதழின் பெயரிலேயே ஒரு பக்கம் தொடங்கினால், அது முதல் வாரத்தைத் தாண்டுமா என்று யோசித்துப் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு எதைப் படித்து வளர்ந்தது?

இப்போது செயற்கை நுண்ணறிவு என்கிற ஏ.ஐ. வந்திருக்கிறது. கேள்வி கேட்டால் பதில் சொல்கிறது; கடிதம் எழுதுகிறது; படம் வரைகிறது. கல்லூரி மாணவர்கள் பலர் தினமும் பயன்படுத்துகிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் புரிந்துகொள்வோம். இணையத்திலும் புத்தகங்களிலும் இருக்கும் கோடிக்கணக்கான பக்கங்களை அதற்குக் கொடுக்கிறார்கள். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருகிறது என்று அது பழகிக்கொள்கிறது. பிறகு அந்தப் பழக்கத்திலிருந்தே பதில் சொல்கிறது. ஆக, எழுதியவர்களின் பார்வையே அதன் பார்வை. எழுதப்படாத வாழ்க்கை அதற்குத் தெரியாது. நம் பாட்டிகளின் ஒப்பாரியும், பறை அடிப்பவர்களின் அறிவும், நிலத்தை இழந்த கதையும் எத்தனை பக்கம் எழுதப்பட்டிருக்கின்றன?

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் 'எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ' இதழ் 2025 அக்டோபரில் ஒரு கட்டுரை வெளியிட்டது. சாட்ஜிபிடியின் அப்போதைய புதிய வடிவமான ஜிபிடி-5-க்கு, கோடிட்ட இடத்தை நிரப்பும் 105 வாக்கியங்களைக் கொடுத்தார்கள். அறிவாளி யார், சாக்கடை சுத்தம் செய்பவர் யார் என்பது போன்ற வாக்கியங்கள். நிரப்ப வேண்டியது 'பிராமணர்' அல்லது 'தலித்'. 80 இடங்களில் சாதியின் பழைய சட்டகத்துக்குள்ளேயே பதில் வந்தது. முந்தைய வடிவம் இப்படிப்பட்ட கேள்விகளில் பலவற்றுக்குப் பதில் சொல்ல மறுத்திருந்தது. புதியது தயங்காமல் சொன்னது.

அதே கட்டுரையில் இன்னொரு செய்தி நம்மை உறுத்துகிறது. தலித் சமூகத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர், உயர் ஆய்வுக்கான விண்ணப்பத்தின் ஆங்கிலத்தைச் சரிசெய்யும்படி சாட்ஜிபிடியிடம் கொடுத்திருக்கிறார். அது ஆங்கிலத்தைச் சரிசெய்ததோடு, கேட்காமலே அவருடைய குடும்பப் பெயரையும் எடுத்துவிட்டு 'சர்மா' என்று போட்டிருக்கிறது. ஆய்வு, பட்டம் என்றால் அந்தப் பெயர்தான் பொருந்தும் என்று அது பழகியிருக்கிறது போலும். படம் தயாரிக்கும் இயந்திரத்திடம் தலித் ஒருவரின் வேலையைக் காட்டு என்று கேட்டபோது, அழுக்குச் சட்டையும் துடைப்பமுமாக ஆட்களைக் காட்டியிருக்கிறது. ஆசிரியர், மருத்துவர், ஆட்சியர் என்று எத்தனையோ பேர் இருந்தும் அதன் கண்ணில் படவில்லை.

தமிழிலும் இதே கதைதான் நடக்கக்கூடும். சேரிக்குள் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கிய சம்பவங்களைக்கூட "இரு பிரிவினரிடையே மோதல்" என்று எழுதும் வழக்கம் பத்திரிகை உலகில் நீண்ட காலம் இருந்தது. இன்னும் முழுதாகப் போகவில்லை. அந்தச் செய்திகளைப் படித்துப் பழகிய இயந்திரத்திடம் ஒரு மாணவர் தன் மனுவைத் திருத்தக் கொடுத்தால், "அடித்தார்கள்" என்பது "அசம்பாவிதம் ஏற்பட்டது" என்று மாறி வரலாம். யார் அடித்தார், யார் அடிபட்டார் என்பதே காணாமல் போய்விடும். வன்கொடுமை வழக்கில் அந்த ஒரு வரி மாறினால் வழக்கின் பிரிவே மாறிவிடும்.

தேர்தல் மேடையில் ஏ.ஐ.

அரசியல் கட்சிகள் இந்தக் கருவியைக் கையில் எடுத்துவிட்டன. 2018-ல் மறைந்த கலைஞர் கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாத் திரையில் தோன்றிப் பேசினார். 2016-ல் மறைந்த ஜெயலலிதாவின் குரலில் 2024 பிப்ரவரியில் அ.தி.மு.க. ஓர் ஒலிப்பதிவை வெளியிட்டது. இரண்டும் ஏ.ஐ. தயாரித்தவை. 2023 டிசம்பரில் காசி தமிழ்ச் சங்கமத்தில் பிரதமர் இந்தியில் பேசியதை 'பாஷினி' என்ற அரசின் ஏ.ஐ. கருவி உடனுக்குடன் தமிழில் சொன்னது. பணமும் அமைப்பும் உள்ளவர்களுக்கு, மறைந்த தலைவரையும் பேசவைக்க முடிகிறது. தெரியாத மொழியிலும் பேச முடிகிறது. 234 சட்டமன்றத் தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. அந்தத் தொகுதிகளில் கைக்காசு இல்லாமல் நிற்கும் ஒரு வேட்பாளரின் குரல் இந்த இரைச்சலில் எங்கே கேட்கும்?

நம்மையே குறிவைத்து வரும் பொய்களும் உண்டு. 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா பேசிய வீடியோ ஒன்று பரவியது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டை ரத்து செய்வோம் என்று அவர் சொல்வது போல் இருந்தது. அவர் பேசியது தெலங்கானாவில் முஸ்லிம்களுக்கான இடஒதுக்கீட்டைப் பற்றி. வீடியோவை வெட்டி ஒட்டியிருந்தார்கள். டெல்லி போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. அமித் ஷாவின் அரசியலை ஏற்பவரும் எதிர்ப்பவரும் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடஒதுக்கீடு போய்விடுமோ என்ற நம் அச்சம் உண்மையானது. அந்த அச்சத்தைத் தூண்டினால் நாம் யோசிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பிவிடுவோம் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

பொய் வீடியோவைவிடப் பொய்க் குரல் நம் கிராமங்களுக்கு ஆபத்து. 2019 ஏப்ரலில் புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய வாட்ஸ்அப் ஒலிப்பதிவு ஒன்று பரவியதால் கூட்டம் காவல் நிலையத்தை முற்றுகையிட்டது. 144 தடை உத்தரவு போடும் அளவுக்குப் போனது. அப்போது ஏ.ஐ. இப்படிப் பரவவில்லை. இன்று ஒருவர் பேசிய சில நொடிக் குரல் கிடைத்தால் போதும்; அவர் பேசாததை அவர் குரலில் பேசவைக்கலாம். ஒரு தலித் இளைஞரின் குரலில் அடுத்த தெருப் பெண்களைத் திட்டுவது போல ஒன்றைத் தயாரித்துத் தேர்தலுக்கு முதல் நாள் இரவு அனுப்பினால், விடிவதற்குள் சேரியில் வீடுகள் இருக்காது. அது பொய் என்று ஆய்வுக்கூடம் சொல்வதற்கு மாதங்கள் ஆகும்.

2024 மே 6-ல் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு ஓர் உத்தரவு போட்டது. போலி வீடியோ, ஒலிப்பதிவு குறித்துத் தெரியவந்த 3 மணி நேரத்துக்குள் கட்சிகள் தங்கள் கணக்கிலிருந்து அதை நீக்க வேண்டும் என்றது. நல்லது. ஆனால் பெயர் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் வரும் ஒலிப்பதிவுக்கு எந்தக் கட்சி பொறுப்பேற்கும்?

சட்டம் நம் பக்கம் இருக்கும் இடங்கள்

பயப்படுத்துவதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. கருவி தெரிந்தவர்களாக நாம் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இணையத்துக்கும் பொருந்தும். பொதுவெளியில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது, இழிவுபடுத்துவது, எழுத்தாலோ படத்தாலோ வெறுப்பைத் தூண்டுவது, நாம் மதிக்கும் மறைந்த தலைவர்களை அவமதிப்பது எல்லாம் பிரிவு 3(1)-ன் கீழ் குற்றம். பாதிக்கப்பட்டவர் நேரில் இல்லாவிட்டாலும், யாரும் பார்க்கக்கூடிய இணையப் பதிவில் இழிவுபடுத்தினால் இச்சட்டம் பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 ஜூலையில் சொன்னது. அது ஒரு யூடியூப் நேர்காணல் தொடர்பான வழக்கு. 14566 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்த நேரமும் வன்கொடுமைப் புகார் சொல்லலாம். இணையக் குற்றங்களுக்கென மத்திய அரசின் இணையதளத்திலும் புகார் பதிவு செய்யலாம்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. இதே சட்டத்தின் 15ஏ பிரிவு, இச்சட்டத்தின் கீழ் வரும் குற்றங்கள் தொடர்பான எல்லா நடவடிக்கைகளும் வீடியோவில் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. கேமராவைக் கேட்பது நம் உரிமை. அதை வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

மாணவர்கள் நாளைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. ஒரு சம்பவத்தை வீடியோ எடுத்தால், எடுத்த செல்போனிலேயே மூலத்தை அழிக்காமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியது தரம் குறைந்த பிரதி. எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்கள் அதில் தங்காது. நீதிமன்றத்தில் மூலமே பேசும். இழிவான பதிவைக் கண்டால் பதிலுக்குத் திட்டும் முன் தேதி, கணக்கின் பெயர், முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பதிலுக்கு நாம் திட்டினால் வழக்கு இரண்டு பக்கமும் ஆகிவிடும். நிரலும் அந்தச் சண்டையை ஊரெல்லாம் காட்டும். பாதிக்கப்பட்ட பெண், குழந்தையின் முகமும் பெயரும் வெளியே வரும்படி எதையும் போடாதீர்கள். நீதி கேட்பதாக நினைத்து அவர்களை இன்னொரு முறை காயப்படுத்திவிடுவோம்.

ஏ.ஐ.யை ஒதுக்கவும் வேண்டாம். ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதுபவருக்குக் காசு கொடுத்து, அவர் எழுதியது என்னவென்று தெரியாமல் கைநாட்டு வைத்த காலத்தை நம் பெற்றோர் பார்த்திருக்கிறார்கள். இன்று கல்லூரிக்குப் போகும் பேத்தி, ஆங்கிலத்தில் இருக்கும் அரசாணையை ஏ.ஐ. உதவியோடு தமிழில் மாற்றிப் பாட்டிக்குப் படித்துக் காட்டலாம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கும், தகவல் உரிமைச் சட்டத்துக்கும் மனு தயாரிக்கலாம். இது பெரிய வசதி. ஆனால் அது சொல்லும் சட்டப் பிரிவையும் அரசாணை எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது; இல்லாததை இருப்பது போலச் சொல்லும் பழக்கம் அதற்கு உண்டு. வழக்கறிஞரிடமோ விவரம் தெரிந்தவரிடமோ காட்டிச் சரிபார்க்க வேண்டும். நம் பெயர், ஊர், நடந்தது, அடித்தவர் யார் என்ற வரிகளை அது மாற்றியிருக்கிறதா என்று ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள்.

சேர்த்து வைக்க வேண்டிய வேலை

அயோத்திதாசர் 1914-ல் மறைந்தார். அவர் எழுதியவை பழைய இதழ்களின் பக்கங்களிலேயே கிடந்தன. ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து 1999-ல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவந்த பிறகே புதிய தலைமுறை அவரைப் பரவலாகப் படித்தது. யாரோ சில குடும்பங்களும் ஆர்வலர்களும் அந்த இதழ்களைப் பத்திரமாக வைத்திருந்ததால் அது முடிந்தது. அவர்கள் வைத்திருக்காவிட்டால் தமிழ்நாட்டின் அரசியல் வரலாறே வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

இன்று நாம் தினமும் பேசுகிறோம், படம் எடுக்கிறோம், பதிவு போடுகிறோம். அவை இருப்பது வேறொருவரின் கணினியில். கணக்கு முடங்கினால் பத்து ஆண்டுப் பேச்சும் ஒரே நாளில் போய்விடும். ஆகவே நம் ஊர் சம்பவங்களின் வீடியோ, மனு நகல், முதல் தகவல் அறிக்கை, தீர்ப்பு, பெரியவர்களின் வாய்மொழி எல்லாவற்றையும் தனியே ஒரு ஹார்டு டிஸ்க்கில் சேர்த்து வைக்க வேண்டும். ஊர் நூலகம், அம்பேத்கர் மன்றம், விடுதி என்று ஏதாவது ஓர் இடத்தில் தேதி போட்டு வைத்தால் போதும். விக்கிப்பீடியாவில் நம் தலைவர்களைப் பற்றியும் ஊர்களைப் பற்றியும் தமிழில் எழுதுங்கள். நாளைய இயந்திரம் படிக்கப்போவது அதையும்தான்.

அரசிடமும் நிறுவனங்களிடமும் நாம் கேட்க வேண்டியவை தனி. தமிழில் வரும் புகார்களைத் தமிழ்நாட்டுச் சாதிநிலை தெரிந்த மனிதர்கள் படித்து முடிவெடுக்க வேண்டும். கணக்கை முடக்கினால் காரணத்தைத் தமிழில் சொல்ல வேண்டும். மேல்முறையீட்டுக்கு ஒரு மனிதர் பதில் தர வேண்டும். அரசு அலுவலகத்திலோ கல்வி நிறுவனத்திலோ ஏ.ஐ. கருவியைக் கொண்டுவரும் முன், அது சாதி பார்க்கிறதா என்று சோதித்து, முடிவைப் பொதுவில் வைக்க வேண்டும். அந்தச் சோதனைக் குழுவில் நம் பிள்ளைகள் இருக்க வேண்டும்.

அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி, வாசலில் வந்தாலும் சரி, இந்தக் கோரிக்கைகள் உங்கள் வாக்குறுதியில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், சாதி வெறுப்பைப் பரப்பும் பதிவுகள் மீது நடவடிக்கை கோரி ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானம் நிறைவேறினால் நகல் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நிறைவேற்ற மறுத்தால், மறுத்ததையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.